'னி'யும் 'ணி'யும்: என் முதல் சாரதி அனுமதிப் பத்திரம்

அம்மா நான்கு வருடங்களாக லைசன்ஸ் இல்லாமல்தான் ஸ்கூட்டி ஓட்டினார். வட இலங்கையின் வன்னியில் இது அதிசயமான செய்தி இல்லை. மாங்குளம் சந்தியிலிருந்து கிரவல் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் ஊர் வரும். காலையில் ஒரு பஸ் வெளியே போகும், மாலையில் ஒரு பஸ் திரும்பி வரும். இடையில் யாருக்காவது கடுங்காய்ச்சல் என்றால் எந்த வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று தேடித்தான் ஓட வேண்டும். 2009இல் போரின்போது அப்பாவின் வலது காலில் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அவருக்கு வவுனியாவில் கிளினிக். சந்தி வரை அவரை ஏற்றிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா.

புறப்படும் முன் அம்மா இரண்டு பேருக்காவது தொலைபேசி எடுத்து விசாரிப்பார். "சந்தியில் பொலிஸ் நிற்கிறார்களா?" நிற்கிறார்கள் என்றால் பெரிய பாதையை விட்டுவிட்டுக் குளக்கட்டால் சுற்றிப் போவார். ஒரு நாள் அந்தக் கட்டில் மாடு ஒன்று குறுக்கே பாய்ந்து இருவரும் சரிவில் விழுந்தார்கள். தோல் உரிந்ததோடு போயிற்று. அன்று இரவு அப்பாவின் காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வலியால் நடுங்கவில்லை. வேறு யாரையாவது இடித்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டிய வாகனத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கை கொடுக்காது. வழக்கு வந்தால் தண்டப்பணம் வேறு கட்ட வேண்டும். எனக்கு 18 வயது ஆனதும் முதல் வேலையாக லைசன்ஸ் எடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

வண்டியை நன்றாக ஓட்டிப் பழகினால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று அப்போது நம்பினேன். ஓட்டப் பழகியது சில வாரங்களில் முடிந்த வேலை. நான் யார் என்பதைக் காகிதத்தில் காட்டத்தான் வருடத்தின் பெரும்பகுதி போனது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால்தான் நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நான் 2006 டிசம்பரில் கிளிநொச்சியில் பிறந்தேன். எனக்கு இரண்டு வயது நிறைந்த நாட்களில் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு துணிப்பையில் சான்றிதழ்களை வைத்திருந்தாராம்: கல்யாணப் பதிவு, காணி உறுதி, என் பிறப்புச் சான்றிதழ், என் கிளினிக் அட்டை. மாத்தளன் பக்கம் ஒரு பங்கருக்குள் அந்தப் பை தங்கிவிட்டது. மனிதர்களை எண்ணிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் பையைத் தேடித் திரும்பிப் போகவில்லை. செட்டிகுளத்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, 2010இல் ஒரு நடமாடும் சேவையில் எனக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கிடைத்தது. மரத்தடியில் மேசை போட்டு, பதிவைப் பார்த்து ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த பிரதி. அன்று அங்கே நின்ற கூட்டத்தை அம்மா இன்றும் சொல்வார். அந்தக் காகிதத்தை அவர் தங்கம் போலப் பாதுகாத்தார். இனி மழையோ வெள்ளமோ எதுவும் செய்யக்கூடாது என்று அடுத்த வாரமே லமினேட் செய்துவிட்டார்.

என் பெயர் 'னி' என்ற எழுத்தில் முடிகிறது. அந்தப் பிரதியில் அது 'ணி' என்று இருந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பெரிதாக எடுத்திருக்க மாட்டோம். வாயால் கூப்பிடும்போது அந்த வித்தியாசத்தை யார் கேட்கப் போகிறார்கள்? பாடசாலைக் கொப்பிகளில் நான் 'னி' என்றே எழுதினேன். சாதாரண தரப் பரீட்சைக்காகத் தேசிய அடையாள அட்டை எடுத்தபோது அந்த லமினேட் பிரதியைத்தான் அதிபரிடம் கொடுத்தேன். அட்டை 'ணி' என்று வந்தது. பரீட்சை மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தோடு மறந்துவிட்டேன்.

2025 பெப்ரவரியில் வேலையைத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு அண்ணா, "முதலில் மெடிக்கல் எடுத்துவிடு தங்கச்சி, அதுதான் லேசான வேலை" என்றார். எடுத்தேன். லைசன்ஸுக்கான மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில்தான் பெற வேண்டும், தெரிந்த டொக்டரிடம் வாங்கிய கடிதம் செல்லாது. கண்பார்வை, நிறங்களை வேறுபடுத்தும் திறன், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். அரை நாளில் முடிந்தது. அந்தச் சான்றிதழ் 6 மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதை வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. ஆறு மாதம் அப்போது நீண்ட காலமாகத் தெரிந்தது.

அடுத்து கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் அதற்குள்தான் இயங்குகிறது. கவுண்டருக்கு உள்ளே இருந்தவர் நடுத்தர வயது ஐயா. என் பிறப்புச் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்குள் மை கசிந்து முத்திரை ஊதா நிறப் புள்ளியாகியிருந்தது. "பிள்ளை, லமினேட் செய்ததை நாங்கள் எடுக்க முடியாது. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா பதினைந்து வருடம் காப்பாற்றிய காகிதம் அது.

புதிய பிரதியை எடுப்பது நான் பயந்த அளவு கஷ்டமாக இருக்கவில்லை. பதிவு கிளிநொச்சியில் இருந்தாலும் எங்கள் பிரதேச செயலகத்திலேயே பிரதி கிடைத்தது. பிறப்புப் பதிவு இலக்கமும் திகதியும் பழைய பிரதியில் இருந்ததால் உடனே தேடி எடுத்தார்கள். இப்போது தருவது பதிவேட்டுப் பக்கத்தின் நிழற்படப் பிரதி. 2006இல் பதிவாளர் எழுதிய அதே கையெழுத்து. அதன் கீழே அறிவித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையொப்பம். கால் நன்றாக இருந்த நாட்களில், மகள் பிறந்த சந்தோஷத்தில் அவர் போட்ட கையொப்பம். நான் அதைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனாலும் முக்கியமானதைப் பார்க்கவில்லை.

மறுபடியும் அதே கவுண்டர், அதே ஐயா. புதிய பிரதியையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவின் நுனியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வந்தார். கடைசி எழுத்தில் பேனா நின்றது. பதிவேட்டில் 'னி'. அட்டையில் 'ணி'.

"எது பிள்ளை உன் பெயர்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. வாய் திறந்து சொன்ன பதில் அங்கே செல்லாது என்பதும் அப்போதே விளங்கியது. அவர் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அட்டையிலும் பதிவிலும் இரண்டு பெயர்கள் இருக்க, மூன்றாவதாக ஓர் ஆவணத்தை எந்த அலுவலர் கொடுப்பார்? ஒரு தலைமுறைக்கு முன் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று அப்பா சொல்வார். இப்போது எல்லாமே கணினியில் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகிறது. விதி எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் காகிதம் எரிந்த ஊரிலும் எரியாத ஊரிலும் அதன் பாரம் ஒன்றல்ல. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அலுமாரியைத் திறந்தால் முடிகிற காரியம் எங்கள் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. இதற்காகவே வருடத்துக்கு ஒருமுறையாவது பாடசாலைகளில் நடமாடும் சேவை வைக்க வேண்டும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் பதிவேட்டுப் பிரதியைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னாலே பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளியே வந்தபோது மரத்தின் கீழ் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கவுண்டரில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பணம் கொடுத்தால் 'எல்லாவற்றையும் பார்த்துத் தருவதாக'ச் சொன்னார். அழுகை முட்டிய நேரம் என்பதால் ஒரு நிமிடம் மனம் தடுமாறியது உண்மை. நல்லவேளையாகக் கையில் பணம் இருக்கவில்லை. பிறகு விசாரித்ததில், இப்படிப் பணம் கொடுத்த இரண்டு பேர் மூலப் பிரதியையும் பறிகொடுத்துவிட்டு அலைவது தெரிந்தது. மூலப் பிரதி எதையும் அலுவலகத்துக்கு வெளியே நிற்பவரின் கையில் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்குக் கூட.

எதைத் திருத்துவது என்பதில் வீட்டில் வாக்குவாதம். பிறப்புப் பதிவைத் திருத்தி 'ணி' ஆக்கிவிடலாம், அட்டை அப்படியே இருக்கட்டும் என்றார் மாமா. நான் மறுத்தேன். பதிவு சரியாக இருக்கிறது, பாடசாலைச் சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றன. பிழை இருப்பது அட்டையில் மட்டும். சரியாக இருப்பதை மாற்றி அதைப் பிழையோடு பொருத்தினால், நாளைக்குப் பாஸ்போட் எடுக்கும்போதும் பல்கலைக்கழகம் போகும்போதும் அந்தப் பிழை என் பின்னால் வரும். எல்லாவற்றுக்கும் வேர் பிறப்புப் பதிவுதான். அங்கே எழுத்து சரியென்றால் அதைத் தொடாமல் மற்றதைத் திருத்துங்கள்.

அட்டையைத் திருத்த மறுபடியும் புதிய அட்டைக்குரிய பாதை முழுவதையும் நடக்க வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். படத்தை அவர்களே கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அதை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பிறகு கிராம அலுவலர். அவர் களத்துக்குப் போகும் நாட்களும் அலுவலகத்தில் இருக்கும் நாட்களும் வேறு வேறு. கேட்காமல் போய் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்தோம். கிராம அலுவலர் கையெழுத்திட, பிரதேச செயலகம் அத்தாட்சிப்படுத்த, விண்ணப்பம் மே மாதம் போனது. ஒவ்வொரு காகிதத்தையும் கொடுப்பதற்கு முன் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தேன். கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் கொப்பியில் எழுதினேன். ஜூலையில் போய் விசாரித்தபோது அந்தக் கொப்பிதான் எனக்காகப் பேசியது.

காத்திருந்த நாட்களில் அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். 2016 முதல் கொடுக்கப்படும் இலக்கங்கள் 12 எண்களைக் கொண்டவை. முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படுகிறது. நான் டிசம்பர் 12. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணினால் 347. அதனோடு 500 சேர்த்தால் 847. ஆக என் இலக்கம் 2006847 என்று தொடங்குகிறது. இதை நானும் தோழிகளும் குளக்கட்டில் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி திடீரென்று பேசாமல் போனாள். அவளுடைய இலக்கம் அவளது பிறந்த நாளோடு பொருந்தவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு காலங்கடந்து செய்த பதிவில், பதிவு செய்ய அறிவித்த நாளையே பிறந்த நாளாக எழுதியிருந்தார்கள். நிஜத்தில் எனக்கு ஒரு மாதம் மூத்தவள், காகிதத்தில் மூன்று வருடம் இளையவள். லைசன்ஸுக்கு அவளது 18 எப்போது வரும் என்பதை இனிக் காகிதம்தான் சொல்ல வேண்டும். என்னுடைய எழுத்துப் பிழை திருந்தும்போது இலக்கம் அப்படியே இருந்தது. அவளுடையதில் திகதி மாறினால் இலக்கமே மாறும். அவள் அந்த வேலையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். உங்கள் அட்டையை எடுத்து இன்றைக்கே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

திருத்திய அட்டை செப்டெம்பரில் வந்தது. 'னி'. வாசலிலேயே நின்று விரலால் தடவிப் பார்த்தேன். அதற்குள் மருத்துவச் சான்றிதழின் ஆறு மாதமும் முடிந்திருந்தது. மறுபடியும் பயணம், மறுபடியும் பணம். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. தம்பி தங்கைகளே, மெடிக்கலைக் கடைசியாக எடுங்கள். பிறப்புப் பதிவுப் பிரதி, அடையாள அட்டை இரண்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றன என்று உறுதியான பிறகு எடுங்கள்.

அதே ஐயா என் கோவையைத் திறந்து, பேனாவை மறுபடியும் கடைசி எழுத்து வரை நகர்த்தி, தலையை ஆட்டினார். "இப்போது சரி பிள்ளை." படம் எடுத்தார்கள், கையொப்பம் கேட்டார்கள். கையொப்பம் என்று ஒன்று எனக்கு நிலையாக இருந்ததே இல்லை. நாளுக்கு ஒரு விதமாகப் போடுவேன். அட்டைத் திருத்தத்தின்போதே இதை யோசித்து, முழுப் பெயரையும் தமிழில் எழுதுவதையே கையொப்பமாக்கிக்கொண்டேன். அதனால் இங்கே தயங்கவில்லை.

எழுத்துப் பரீட்சையில் 40 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். எங்களுக்கு அதில் கஷ்டமான இடம் சந்தி விளக்குகளும் சுற்றுவட்டங்களும். எங்கள் ஊரில் ஒளிச் சமிக்ஞை கிடையாது, சுற்றுவட்டத்தைப் புத்தகத்தில்தான் பார்த்தேன். வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பதை முற்றத்தில் விறகுக் கட்டைகளை வைத்துத் தம்பியோடு ஓடி ஓடிப் பழகினேன். சித்தியடைந்ததும் 18 மாதங்கள் செல்லுபடியாகும் பழகுநர் அனுமதிப் பத்திரம் கிடைத்தது. ஓட்டப் பரீட்சைக்கு நாள் மூன்று மாதம் கழித்தே வந்தது. ஸ்கூட்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகையைக் கட்டிக்கொண்டு ஓடியபோது ஊர்ப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

ஓட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிரவல் பாதையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு வேகம் பயம் தராது, மெதுவாக ஓட்டுவதுதான் வராது. பரீட்சையில் கூம்புகளுக்கு நடுவே காலை ஊன்றாமல் வளைந்து போக வேண்டும். அண்ணா என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய், தான் பக்கத்தில் நடந்து வருவார், நான் அவருடைய நடையை முந்தக் கூடாது என்று விதி வைத்தார். முதல் வாரம் ஐந்து அடிக்கு ஒருமுறை கால் கீழே போனது. மூன்றாவது வாரம் கட்டின் முனையிலிருந்து மதகு வரை ஊன்றாமல் போனேன். பார்வை சில்லில் இருந்தால் விழுவோம், போக வேண்டிய இடத்தில் இருந்தால் வண்டி தானாக அங்கே போகும். மோட்டார் வாகனப் பரிசோதகர் முன்னால் நான் செய்தது அவ்வளவுதான்.

சித்தியடைந்து தற்காலிக அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்த பிறகு வந்த முதல் கிளினிக் நாளில் அப்பாவை நானே ஏற்றிச் சென்றேன். சந்தியில் பொலிஸ் நின்றார்கள். கையைக் காட்டி மறித்தார்கள். என் பின்னால் அப்பாவின் உடம்பு இறுகியதை முதுகில் உணர்ந்தேன், நான்கு வருடப் பழக்கம் அது. பத்திரத்தையும் அடையாள அட்டையையும் நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பஸ் ஏறும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏறிய பிறகு யன்னலால் குனிந்து, "திரும்பிப் போகும்போது பெரிய ரோட்டாலேயே போ" என்றார்.

இப்போது அம்மாவின் முறை. அம்மா பிறந்தது வீட்டில், அவருடைய பிறப்பு அந்தக் காலத்தில் பதியப்படவில்லை. அவரிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ். அதன் புதிய பிரதியை எடுத்து, அவருடைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஐயாவைப் போலவே பேனா நுனியால் எழுத்தெழுத்தாகத் தொட்டு வந்தேன். பொருந்துகிறது. மெடிக்கல் இன்னும் எடுக்கவில்லை. அடுப்படி வேலை முடிந்த பிறகு இரவில் வீதிச் சமிக்ஞைப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நேற்று மஞ்சள் நிறச் சாய்சதுரத்துக்குள் புகையிரத எஞ்சின் இருந்த படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். அம்மா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கடவைதானே. இத்தனை நாளும் இதால்தான் போய் வந்தேன், பலகையை ஒருநாளும் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.